மேல் பஞ்சமம்

தனபால் ஒரு பாட்டைக் கட்டி முடித்தால் அதை முதலில் பாடுவது ராணிதான். கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் அதுதான் வழக்கம். வழக்கம் என்றதும் யாரோ பெரியவர்கள் யோசித்து வைத்தது போலத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை, வேறு வழியில்லாமல் வந்தது. தனபாலுக்கு ராகம் தெரியும், தாளம் தெரியும், தமிழ் தெரியும். வாயைத் திறந்தால் மட்டும் துருப்பிடித்த கேட்டைத் தள்ளித் திறக்கிற சத்தம் வரும்.

அவர் நாகலூரில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களுக்குப் பேர் போடுவது, மூட்டை நிறுப்பது, முதலாளி சேலத்திலிருந்து வந்தால் பின்னாலேயே நடப்பது என்று பகல் போய்விடும். செடிகளுக்கு நடுவே நடக்கிற நடையில்தான் பாட்டு வரும். பாட்டும் எழுதி மெட்டும் போடுகிறவரை வாக்கேயக்காரர் என்று சங்கீத உலகத்தில் பெரிய பெயரால் சொல்வார்கள். நாகலூரில் அவரைப் பாட்டு ரைட்டர் என்றார்கள். அவர் கீர்த்தனைகளைத் தெரிந்தவர்களை எல்லாம் கூட்டினாலும் ஏற்காட்டிலிருந்து கிளம்புகிற பஸ்ஸில் பாதி சீட் காலியாக இருக்கும்.

அதில் ராணிக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சொல்லப்போனால் சௌகரியம். சேலத்தில் முறையாகப் பாட்டு படித்து, ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருப்பவள் அவள். சாயங்காலம் தனபால் வந்து, காப்பி குடித்துவிட்டு, அந்தத் துருப்பிடித்த குரலில் ஸ்வரம் ஸ்வரமாக முனகுவார். ராணி அதை வாங்கித் துடைத்து, கமகம் போட்டு, பாட்டாக்கித் திருப்பித் தருவாள். அவர் கண்ணை மூடித் தலையாட்டினால் அன்றைக்குப் பாட்டு பிறந்துவிட்டது என்று அர்த்தம். பேப்பரில் எழுதி யாருக்கும் கொடுக்க மாட்டார். பாட்டு வாய் வழியாகத்தான் போகவேண்டும் என்பது அவர் கட்சி. அந்த வாய் ராணியின் வாய். வேறு யாராவது கற்றுக்கொள்ள வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வந்து உட்கார வேண்டும்.

வருஷா வருஷம் மே மாதம் மலை உச்சியில் சேர்வராயன் குகைக் கோயில் திருவிழாவில் ஒரு புதுக் கீர்த்தனை அரங்கேறும். அரங்கேற்றம் என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. மேளக்காரர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் மைக் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் ராணி பாடுவாள். பஜ்ஜிக் கடைச் சத்தத்துக்கும் ஜீப் ஹாரனுக்கும் நடுவில், மலை உச்சிக் காற்றில், தன் புருஷன் கட்டிய பாட்டை உலகத்திலேயே முதல் ஆளாகப் பாடுவதற்காக அவள் வருஷம் முழுக்கக் காத்திருப்பாள்.

இந்த வருஷம் அதில் மண் விழுந்தது.

மண்ணைக் கொண்டுவந்து கொட்டியவள் பெயர் ஐஸ்வர்யா. ஏரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிற குடும்பத்துக்குச் சேலத்திலிருந்து மருமகளாக வந்தவள். நன்றாகப் பாடுவாள் என்று சொன்னார்கள். ராணிதான் பெருந்தன்மையாக அவளுக்கு ஒரு பழைய பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள், காவேரியம்மன் மேல் தனபால் கட்டியது. அந்தப் பெண் அதை ஏரிக்கரையில் உட்கார்ந்து பாடி, போனில் எடுத்து நெட்டில் போட்டுவிட்டாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் பார்த்தார்கள். பார்த்ததோடு போகாமல், இந்தப் பாட்டைக் கட்டியவர் யார் என்றும் கேட்டார்கள்.

தனபாலை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மனுஷர் போனைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் முழுக்கச் சுற்றினார். மிளகு ஏற்ற வந்த லாரி டிரைவருக்குக்கூட அந்த வீடியோவைக் காட்டினார். ராணி அதே பாட்டைப் பதினெட்டு வருஷமாகப் பாடிவருகிறாள். எந்த லாரி டிரைவருக்கும் யாரும் அதைக் காட்டியதில்லை.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஏப்ரலில் முதல் மழை பெய்து காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்த வாரத்தில், தனபால் புதுக் கீர்த்தனையோடு வந்தார். காம்போதி ராகம்.

"சேர்வராயனே உனைச் சேர வந்தேன்" என்று பல்லவி. அது சரியாகத்தான் இருந்தது. அனுபல்லவி, "நேராய் நிமிர்ந்தவன் நின் வாசலில் குனிந்தேன்." அந்தக் குகைக் கோயிலுக்குள் போனவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பெரிய ஆளானாலும் அங்கே முதுகை வளைக்காமல் உள்ளே போக முடியாது. அந்த வரியைத் தனபால் முனக முனக, ராணி கூடவே பாடிக்கொண்டு போனாள். மேல் ஸட்ஜம் தாண்டியது. மேல் காந்தாரத்தைத் தொட்டது. வரி அங்கே நிற்கவில்லை. 'குனிந்தேன்' என்கிற இடத்தில் ஒரே தாவாகத் தாவி மேல் பஞ்சமத்தில் போய் உட்கார்ந்தது. ராணியின் குரல் பிசிறடித்து நின்றுவிட்டது.

அவள் குரல் மேல் காந்தாரம் வரை பட்டு. அதற்கு மேலே ஒரு படி வைத்தால் கிழியும். இது ஊருக்குத் தெரியாது. தனபாலுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவர் கட்டிய ஒரு பாட்டாவது அந்தக் காந்தாரத்தைத் தாண்டியதில்லை. அவர் காதுக்குள்ளே பாடுகிற குரல் ராணியுடையது, அதனால் பாட்டும் அவள் அளவுக்கே வந்தது. இப்போது வீட்டுத் தையல் மிஷினில் வேறொருத்தி அளவுக்கு ஜாக்கெட் தைத்து முடித்து, பொத்தானும் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

"ஏனுங்க, இது யாருக்குப் போட்டீங்க?"

"யாருக்குன்னா? சாமிக்குத்தான்."

"சாமி பாடுமுங்களா?"

தனபால் காப்பி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்ல வராத மனுஷர். வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"கோச்சுக்காத ராணி. நடந்து வர்றப்ப அந்தப் பொண்ணோட குரல்லதான் வந்துச்சு. இந்த வருசம் கோயில்ல அதுவே பாடட்டும். உனக்கு அந்தப் பஞ்சமம் எட்டாது. நீ நல்லபடியாச் சொல்லிக் குடுத்துரு."

"செரிங்க" என்றாள் ராணி.

அன்றைக்கு வீட்டில் எல்லாப் பாத்திரமும் கொஞ்சம் பலமாகவே கீழே வைக்கப்பட்டது. தனபால் வேறொரு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்திருந்தால் ராணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அண்ணன்மார் இருக்கிறார்கள், மாமியார் ஊர் இருக்கிறது, சத்தம் போட வாய் இருக்கிறது. இதற்கு எங்கே போய் முறையிடுவது? என் புருஷன் மனசுக்குள் வேறொருத்தி பாடுகிறாள் என்று பஞ்சாயத்தில் சொன்னால் காதில் ஏதாவது கோளாறா என்று கேட்பார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவள் தயங்கவும் இல்லை. ஆமாம், பொறாமைதான். அந்தப் பெண்ணின் இருபத்தெட்டு வயசு மேல், சளி பிடித்தாலும் கெடாத அந்தத் தொண்டை மேல், மேல் பஞ்சமம் மேல்.

ஐஸ்வர்யா ஸ்கூட்டியில் வந்தாள், கையில் லாட்ஜ் தோட்டத்துப் பலாச்சுளை டப்பாவோடு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ராணி காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வெறுப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று ராணி தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே ஒரு எரிச்சல்.

"சார் இருக்காங்களா அக்கா?"

"அவரு எஸ்டேட்டுக்குப் போயிட்டாரு கண்ணு. பாட்டை அவரு கோயில்லதான் கேப்பாரு. அதுக்கு முன்னால பாடிக் காட்டுனா அவருக்குப் புடிக்காது."

இது பாதி நிஜம். மீதியை ராணி அந்த நிமிஷம் சேர்த்துக்கொண்டாள்.

பல்லவியை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாள். பழகிய கையும் வாயும் கெட்டது செய்ய நினைத்தாலும் ஒழுங்காகத்தான் செய்யும். நடுவில் ஐஸ்வர்யாவின் போன் அடித்தது. லாட்ஜில் யாரோ சாவியைத் தொலைத்துவிட்டார்கள் போல. பேசி முடித்து, சிரித்துக்கொண்டே போனை வைக்கும்போது, குரலைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி ஒரு 'ஆ' போட்டாள். போகிற போக்கில் அது மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ராணி கவனித்தாள்.

அனுபல்லவி வந்தது. 'நேராய் நிமிர்ந்தவன்' என்று ராணி ஏறினாள். மேல் காந்தாரம் வரை போனாள். அங்கிருந்து தாவ வேண்டிய இடத்தில் தாவாமல், மெதுவாக இறங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு படியாக, காம்போதியை உருட்டி உருட்டி இறக்கி, நடுவே இருக்கிற சாதாரணப் பஞ்சமத்தில், எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் எட்டுகிற பஞ்சமத்தில், 'குனிந்தேன்' என்று கொண்டுவந்து வைத்தாள்.

ஐஸ்வர்யா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இங்க மேல போற மாதிரி இருக்குதுங்களே அக்கா. போகாதுங்களா?"

"போகாது கண்ணு. சார் இப்படித்தான் போட்டிருக்காரு."

வயசு ஐம்பதாகப் போகிறது. பாட்டில் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. மனசு திக்கென்றது. ஆனாலும் உள்ளே ஏதோ குளிர்ந்தது. உனக்காக அவர் கட்டிய உச்சியை நீ பார்க்கவே போவதில்லை போ, என்று நினைத்துக்கொண்டாள். மொட்டையாக இறங்கினால் சந்தேகம் வரும் என்று அதே வரியை மாற்றி மாற்றிப் பாட இன்னும் இரண்டு சங்கதிகளும் சேர்த்தாள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளைந்து இறங்கும்படி. சேர்க்கச் சேர்க்க அடுத்தது தானாக வந்தது. ஐஸ்வர்யா ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போன பிறகும் அடுப்படியில் நின்று நான்காவது ஒன்று போட்டுப் பார்த்தாள். புருஷன் பாட்டைக் கெடுப்பது இவ்வளவு ருசியான வேலையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

திருவிழா அன்று மலை உச்சியில் நல்ல கூட்டம். கோயில் கமிட்டியில் இருக்கிற மாதப்பன், செம்மநத்தத்து விவசாயி, மைக்குக்காரனிடம் எதையோ சொல்லிவிட்டு ராணியைப் பார்த்து நேராக வந்தார்.

"ஏனுங்கம்மா, இந்த வருசம் நீங்க பாடலீங்களாமா? தொண்டை செரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்குதுங்க. புதுசா ஆள் வந்திருக்குது, பாடட்டுமுன்னு."

"அதென்னமோங்க. நீங்க பாடுனாத்தான் எங்களுக்குத் திருவிழா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஆறுதல் சொன்னதாக அவர் நினைப்பு. ராணிக்குக் கண் கலங்கி, அதை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மேளக்காரர்கள் எழுந்து சாப்பிடப் போனார்கள். ஐஸ்வர்யா மேடையில் உட்கார்ந்தாள். போனில் சுருதி ஓடியது. சேலத்திலிருந்து வந்த மிருதங்கக்காரர் தட்டிப் பார்த்துக்கொண்டார். தனபால் முன்வரிசையில் வெள்ளை வேட்டியில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ராணி பின்னால் ஒரு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு சப்பென்று போகவேண்டும் என்று அவள் வேண்டினாள். சாமி சந்நிதியிலேயே நின்று வேண்டினாள்.

பல்லவி போனது. கூட்டம் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. அனுபல்லவியில் அந்தக் குரல் ஏறியது. காந்தாரத்தில் நின்று மினுங்கியது. தனபால் தலையைத் தூக்கினார், இதோ வரப்போகிறது என்று. குரல் இறங்கியது. இறங்கி, வளைந்து, 'குனிந்தேன்' என்று வந்து அடங்கியது.

பந்தலுக்குள் ஒரு அமைதி. ஐஸ்வர்யா இரண்டாவது சங்கதியைப் பாடினாள், மூன்றாவதைப் பாடினாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து வந்தது. குகை வாசலைப் பார்த்து நின்றிருந்த மாதப்பன், தான் செய்வது தெரியாமலே, துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தலை குனிந்தார். பக்கத்தில் நின்றவர்களும் குனிந்தார்கள்.

ராணிக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்தேன் என்ற சொல்லை எவனாவது உச்சியில் கொண்டுபோய் வைப்பானா? அந்தப் பெண்ணின் தொண்டையைக் கேட்டுக்கொண்டே நடந்த மனுஷர், வார்த்தை என்ன சொல்கிறது என்பதையே மறந்துவிட்டிருக்கிறார். ராணியும் ஒன்றும் அதை யோசித்து மாற்றவில்லை. கெடுக்கத்தான் மாற்றினாள். கெடுக்கப் போய் அவர் இதுவரை கட்டியதிலேயே சிறந்த பாட்டைச் செய்து, தன் கையாலேயே அந்தப் பெண் வாயில் ஊட்டிவிட்டிருக்கிறாள்.

பாட்டு முடிந்ததும் தனபால் மேடை ஏறினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"கண்ணு, அந்த எடத்துல எறக்குனயே... நான் போட்டது அது இல்ல. நான் போட்டதை உட நொம்ப ஒசத்தி. எப்படி சாமி தோணுச்சு உனக்கு?"

ஐஸ்வர்யா முழித்தாள். "நான் ஒண்ணும் பண்ணலைங்க சார். அக்கா சொல்லிக் குடுத்த மாதிரிதான் பாடுனேன்."

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்று தனபால் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "பெரிய வித்வானுங்க எல்லாம் இப்படித்தான் சொல்வாங்க. எல்லாம் சொல்லிக் குடுத்தவங்க புண்ணியம்பாங்க."

கூட்டம் கை தட்டியது. ஐஸ்வர்யா பாவம், இரண்டு தடவை வாயைத் திறந்து பார்த்தாள். யாரும் விடவில்லை. ராணி பந்தல் காலை விட்டுவிட்டு நகர்ந்து போய், ஒரு கடையில் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றாள். நாக்கு எரிந்தது. நெஞ்சுக்கு அது போதவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் இருவரும் மொபெட்டில் கிளம்பினார்கள். வழி நெடுகத் தனபால் அதே பேச்சு.

"அவ வெறும் பாட்டுக்காரி இல்ல ராணி. பாட்டுக் கட்டற மூளை. நான் இத்தனை வருசமா மண்டையை ஒடைச்சுக்கிட்டு என்ன பண்ணுனேன்? அந்தப் புள்ள ஒரு எறக்கத்துல என்னைத் தூக்கிச் சாப்பிட்டுருச்சு. இனிமே எந்தப் பாட்டைப் போட்டாலும் மொதல்ல அவகிட்டக் காட்டித்தான்..."

சொல்லாமல் விட்டால் அவள் செய்த காரியம் வெளியே வராது. சொன்னால் மானம் போகும். ராணி யோசித்துப் பார்த்தாள். மானம் போனால் போகட்டும், அந்த இறக்கம் மட்டும் இன்னொருத்தி பேரில் போகக் கூடாது.

"வண்டியை நிறுத்துங்க. அது என்னோடதுங்க."

"எது?"

"அந்த எறக்கம். அந்தச் சங்கதி மூணும். நாந்தான் மாத்திப்போட்டேன். சார் இப்படித்தான் போட்டிருக்காருன்னு அவகிட்டப் பொய் சொன்னேன்."

தனபால் மொபெட்டை ஓரமாக நிறுத்தினார். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம். காற்றில் இலையெல்லாம் திரும்பித் திரும்பி அடித்தது.

"எதுக்கு மாத்துன?"

"அவளுக்குன்னு நீங்க போட்ட பஞ்சமத்தை அவ பாடக் கூடாதுன்னு. வயித்தெரிச்சல். வேறென்னங்க?"

திட்டுவார் என்று ராணி காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் சொன்னாள். ஒருவேளை கையைப் பிடித்துக்கொண்டு, அடியே நீயா என்று அழுதாலும் அழுவார் என்று மனசின் ஒரு மூலையில் ஆசையும் இருந்தது. தனபால் வேட்டியைச் சரி செய்துகொண்டார். தொண்டையைச் செருமினார்.

"பஞ்சமந்தான் செரி" என்றார்.

"என்னங்க?"

"மேல் பஞ்சமந்தான் செரி. அடுத்த தடவை பாடறப்ப நான் போட்ட மாதிரியே பாடச் சொல்லு."

"இப்பத்தானுங்களே ஒசத்தின்னீங்க?"

"மைக்கு சத்தத்துல செரியாக் கேக்கலை."

"கண்ணுல தண்ணி வந்துச்சே?"

"குளுர் காத்து."

ராணி அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு உள்ளே மடிந்திருந்தது. மூக்கு விடைத்திருந்தது. கண் மரத்தைப் பார்த்தது, ரோட்டைப் பார்த்தது, மொபெட்டின் டயரைப் பார்த்தது, அவளை மட்டும் பார்க்கவில்லை. அந்த முகம் அவளுக்கு நன்றாகப் பழக்கம். ஒரு மாதமாகத் தலை வாரும்போதெல்லாம் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரான் வீட்டு மருமகள் மாற்றினால் மேடையேறி அழலாம். கட்டிய பொண்டாட்டி மாற்றினால் பஞ்சமம்தான் சரி.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ சிரிப்பு. இந்த மனுஷரையும் இவர் பாட்டையும் பார்த்து ஆசைப்பட்டு, பொறாமைப்பட்டு, காவல் காத்தே இத்தனை வருஷம் போய்விட்டது. தன்னைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்படுவது, அதுவும் இவர் படுவது, இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதே இல்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

"வண்டியை எடுங்க" என்றாள். "நேரமாவுது."

மொபெட் கிளம்பியது. ராணி பின்னால் உட்கார்ந்து அனுபல்லவியை எடுத்தாள். ஏறி, நின்று, இறங்கினாள். முதல் சங்கதி. இரண்டாவது. மூன்றாவது. பிறகு அடுப்படியில் போட்டுப் பார்த்த அந்த நான்காவதை, இன்னும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காததை, அவர் பிடரிக்குப் பின்னால் நிதானமாக இறக்கினாள். வளைவே இல்லாத நேர் ரோட்டில் வண்டி வேகம் குறைந்து, மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது.

"காத்துல ஒண்ணுமே காதுல உழுகலை" என்றார் தனபால்.